எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு வீட்டில் எப்படித் துணை நிற்பது?

இரண்டாம் வகுப்புப் பிள்ளை பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் கணீரென்று சொல்லி முடிக்கிறது. அதே பக்கத்தின் நடுவிலுள்ள ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றவற்றைக் கையால் மறைத்து, அது என்ன சொல் என்று கேட்டுப் பாருங்கள். முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு வந்து சேர முயன்றாலோ, பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு விடை சொன்னாலோ, அந்தப் பிள்ளை இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை, கேட்டதை ஒப்பிக்கிறது என்றே பொருள். நினைவாற்றல் நன்றாக உள்ள பிள்ளைகளிடம் இந்தக் குறை மூன்றாம் வகுப்பு வரைகூட வெளியே தெரியாமல் இருந்துவிடும். ஆகவே பிள்ளை மெதுவாக இருக்கிறதே என்று வருந்துவதற்கு முன்பும், நன்றாக வாசிக்கிறதே என்று மகிழ்வதற்கு முன்பும் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

வாசிப்பில் பின்தங்கும் பிள்ளை எல்லாவற்றிலும் பின்தங்கியிருப்பது அரிது. ஒலியைப் பிரித்துக் கேட்பதிலோ, எழுத்தை இனங்காண்பதிலோ, புள்ளி வைத்த எழுத்தை முன்னெழுத்தோடு சேர்ப்பதிலோ, கால், கொம்பு போன்ற குறிகளிலோ, எல்லாம் தெரிந்தும் வேகம் வராமையிலோ, ஏதோ ஓர் இடத்தில் அது நின்றுபோயிருக்கிறது. அந்த இடம் எது என்று பார்க்காமல் மறுபடியும் அ, ஆ என்று முதலிலிருந்து ஓதச் சொல்வதும், ஒவ்வோர் எழுத்தையும் நூறு முறை எழுதச் சொல்வதும்தான் நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் வழக்கமான வைத்தியம். தெரிந்ததையே அது மீண்டும் கற்பிக்கிறது. தெரியாதது தெரியாததாகவே இருக்கிறது. கை வலிப்பதுதான் மிச்சம்.

எனவே முதல் வேலை, நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது. க, ச, ட, த, ப, ம என்று அகர வரிசை எழுத்துகளைத் துண்டுத் தாள்களில் தனித்தனியே எழுதி, கலைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். வரிசையாகக் கேட்டால் பாட்டாகச் சொல்லிவிடும், அது கணக்கில் சேராது. ங, ஞ இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். அடுத்து மர, பட, கட என்று இரண்டெழுத்துகளைச் சேர்த்துக் காட்டுங்கள். அது வந்தால் படம், பட்டம். அதுவும் வந்தால் பாடம், படி, பெட்டி, கோடு. எந்தப் படியில் தடுமாற்றம் தொடங்குகிறதோ அங்கேதான் பயிற்சியும் தொடங்க வேண்டும். தடுமாறிய சொற்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டு பின்னால் பல விதத்தில் உதவும்.

தமிழில் 247 எழுத்துகள் என்ற கணக்கு பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்தே மிரட்டுகிறது. வாசிக்கத் தொடங்குவதற்கு அத்தனையும் வேண்டாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய்க்கு இடப்படும் சில குறிகள் என்று பார்த்தால் சுமை பெருமளவு குறைந்துவிடும். இருந்தாலும் இந்த எழுத்து முறை முழுவதும் கைவர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆவது இயல்பே. மூன்று வயதில் விஜயதசமியன்று நெல்லில் 'அ' எழுதிய பிள்ளை ஐந்து வயதில் நாளிதழ் வாசிக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

காதில் தொடங்குங்கள்

எழுத்தைக் கூட்டுவதற்கு முன்னால், பேசும் சொல் சிறு சிறு துண்டுகளால் ஆனது என்பது காதுக்குப் புரிய வேண்டும். இதற்குப் புத்தகமே தேவையில்லை. பேருந்துப் பயணம் போதும். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள். பள்-ளத்-தூர் மூன்று தட்டு, கா-ரைக்-கு-டி நான்கு, கா-னா-டு-காத்-தான் ஐந்து. இது எளிதாக வந்த பிறகு, "பணியாரத்தில் பணியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?" என்று கேட்கலாம். "படம் என்பதில் ப போய் ம வந்தால்?" மடம். "க வந்தால்?" கடம். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளை இந்த விளையாட்டில் தொடர்ந்து திணறினால், எழுத்தை எவ்வளவு காட்டினாலும் பயன் குறைவாகவே இருக்கும். அப்போது சில வாரங்கள் இதையே விளையாடுவது காலத்தை வீணாக்குவது ஆகாது. இந்த விளையாட்டுக்கு அப்பத்தாவும் ஐயாவும், அதாவது பாட்டியும் தாத்தாவும், பெற்றோரைவிடப் பொருத்தமானவர்கள். அவர்களுக்கு நேரமும் உண்டு, மதிப்பெண் பற்றிய கவலையும் கிடையாது.

புள்ளி எழுத்து என்னும் முட்டுக்கட்டை

தனியெழுத்துகள் எல்லாம் தெரியும், ஆனால் சொல் வரவில்லை என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பலர் இங்கேதான் நிற்கிறார்கள். க், ட், ம் என்பவற்றை இக், இட், இம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். மெய்யைத் தனியே ஒலிப்பது கடினம் என்பதால் அப்படிச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் 'பட்டம்' என்ற சொல்லைப் பிள்ளை கூட்டும்போது "ப, இட், ட, இம்" என்கிறது. அந்த நான்கையும் எத்தனை வேகமாகச் சொன்னாலும் பட்டம் வராது. "பயிட்டயிம்" என்ற ஏதோ ஒன்றுதான் வரும். தான் சரியாகத்தான் கூட்டினோம், ஆனாலும் சொல் வரவில்லை என்பது பிள்ளைக்குத் தெரிகிறது. அடுத்த முறை அது கூட்டுவதையே விட்டுவிட்டு, படத்தையும் நம் முகத்தையும் பார்த்து ஊகிக்கத் தொடங்குகிறது.

இதற்கு வழி எளிது. புள்ளி வைத்த எழுத்தை ஒருபோதும் தனியாக நிறுத்தாமல், அதற்கு இடப்பக்கம் உள்ள எழுத்தோடு ஒட்டியே வாசிக்கப் பழக்க வேண்டும். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்குவதில்லை என்பதால் ஒட்டிக்கொள்ள ஓர் எழுத்து எப்போதும் இருக்கும். கல், பல், கண், மண், பட், அம் என்று இரண்டெழுத்துத் துண்டுகளை அட்டையில் எழுதி, ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள். அவை பார்த்தவுடன் வரும் நிலையை அடைந்தபின் இரண்டு துண்டுகளைச் சேர்க்கலாம்: பட்-டம், அம்-மா, கட்-டில். பாடப்புத்தகத்தில் சொற்களுக்குக் கீழே பென்சிலால் சிறு வளைவு போட்டு, எந்த எழுத்து எதனோடு சேர்கிறது என்று காட்டலாம். கண்-டாங்-கி என்ற சொல் மூன்று வளைவு. 'பார்த்தான்' போல இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால் இரண்டுமே இடப்பக்கத்தோடுதான் சேரும்: பார்த்-தான். சில வாரங்களில் வளைவு போட வேண்டிய தேவை குறைந்துவிடும். வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளில் இந்த ஒன்றுக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக இடம் கொடுப்பேன்.

இதனோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. ஒரே க எழுத்து கடலில் ஒரு விதமாகவும் தங்கத்தில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. பம்பரத்தில் உள்ள இரண்டு ப எழுத்துகளும் அப்படியே. பிள்ளை 'தங்கம்' என்பதை வல்லோசையோடு கூட்டிவிட்டு விழித்தால், "நாம் அதை எப்படிச் சொல்வோம்?" என்று மட்டும் கேளுங்கள். சொல் ஏற்கெனவே வாயில் புழங்குவதால் தானே திருத்திக்கொள்ளும். இலக்கண விளக்கம் வேண்டாம்.

காலும் கொம்பும்

குறிகளில் முதலில் கால். பாடம், மாடம், காகம், தாத்தா என்று ஒரு வாரம் முழுவதும் காலோடு மட்டுமே இருக்கலாம். ர எழுத்தும் காலும் பார்வைக்கு மிக நெருக்கமானவை. 'பாரம்' என்பதில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்போது பிள்ளைகள் குழம்புவது கவனக்குறைவினால் அன்று. அச்செழுத்து சிறிதாக இருந்தால் பெரியவர்களுக்கே தடுமாறும். இப்படிப்பட்ட சொற்களைப் பெரிதாக எழுதி, காலை மட்டும் வேறு வண்ணத்தில் காட்டுவது உதவும்.

அடுத்து இகரம், ஈகாரம்: படி, கிளி, தீ, சீடை. கொம்பு இதற்குப் பிறகே வர வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கப் பழகிய கண் இங்கே ஒரு நொடி நின்று, அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. 'கொட்டான்' போன்ற சொல்லில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. பனையோலைக் கொட்டானைக் கையில் கொடுத்துவிட்டு அந்தச் சொல்லை எழுதிக் காட்டி, கொ என்பது மூன்று கோலம் அன்று, ஒரே எழுத்து என்று அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பிறகு கொட்-டான். கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பார் என்ற ஒரே விதி போதும்.

உகரத்தை அவசரப்படுத்தாதீர்கள். மற்றக் குறிகள் ஏறக்குறைய ஒரே வடிவில் வர, உகரமும் ஊகாரமும் மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறுகின்றன. பு, சு, வு ஒரு விதம். கு, டு, மு வேறு விதம். து, நு, று இன்னொரு விதம். ஒரு குடும்பத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அதுபோலவே ஒத்த வடிவம் உள்ள ண, ன இரண்டையும் ஒரே நாளில் அறிமுகம் செய்யக் கூடாது. ஒன்று நன்கு பதிந்த பிறகே மற்றது. ர, ற வேறுபாடு இன்றைய பேச்சில் பெரும்பாலும் கேட்பதில்லை. வாசிக்கும்போது அதற்காகப் பிள்ளையை நிறுத்த வேண்டாம். எழுத்துப்பிழை திருத்தும் காலம் பிறகு வரும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் பள்ளியில் படித்தவர்கள் இன்றும் லை, ணை, னை ஆகியவற்றைத் துதிக்கை போட்டும், றா, னா ஆகியவற்றைச் சுழித்தும் எழுதுவதுண்டு. பழைய நிலைக்கதவின் மேலுள்ள எழுத்துகளிலும், பெட்டகத்தில் கிடக்கும் கணக்கேடுகளிலும் அவையே இருக்கும். பிள்ளைக்கு வாசிப்பு உறுதிப்பட்ட பிறகு அவற்றைக் காட்டினால் வியப்போடு பார்க்கும். அதுவரை அட்டைகளைப் புதிய எழுத்தில் எழுதக்கூடியவர் எழுதட்டும்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதைவிட நாள்தோறும் பத்து, பதினைந்து நிமிடம் பன்மடங்கு பயன் தரும். பள்ளி விட்டு வந்து, பலகாரம் சாப்பிட்டு, சற்று ஓடியாடிய பின் உள்ள நேரம் ஏற்றது. தூக்கம் சொக்கும் நேரம் ஆகாது. வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள். யாராவது ஒருவர் நின்று, "எங்க பேத்தி இந்த வயசுல கடகடன்னு வாசிச்சா" என்று சொல்லிவிட்டுப் போவார். அதன் பிறகு அன்றைய பாடம் நடக்காது. விருந்தினர் முன் வாசித்துக் காட்டச் சொல்வதையும் இந்தக் காலத்தில் தவிர்த்துவிடுங்கள்.

பதினைந்து நிமிடத்தில் முதல் சில நிமிடம் நேற்றைய அட்டைகள், பிறகு புதிதாக ஒரே ஒரு குறியோ எழுத்தோ, மீதி நேரம் சிறு பத்தி ஒன்றை வாசித்தல். பத்தி எளிதாக இருக்க வேண்டும். இருபது சொல்லில் இரண்டுக்கு மேல் தடுக்கினால் அது கடினமான பத்தி, வேறு எடுங்கள். ஒரே பத்தியை மூன்று நான்கு நாள் திரும்ப வாசிப்பதில் தவறில்லை, வேகம் வருவது அப்படித்தான். ஆனால் மனப்பாடம் ஆகிவிட்டதா என்று இடையிடையே நடுச்சொல்லைக் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் உடனே சொல்லிவிடாதீர்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்குள் வரவில்லை என்றால் சொல்லின் பின்பாதியை விரலால் மறைத்து முதல் துண்டை மட்டும் காட்டுங்கள். அதுவும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை மட்டும் முதலிலிருந்து வாசிக்கச் செய்யுங்கள். "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்பது அன்போடு சொல்லப்படும் தவறான அறிவுரை. "நேத்துத்தானே சொல்லிக் கொடுத்தேன்" என்பதும் வேண்டாம். நேற்று சொன்னது இன்று மறப்பதுதான் இந்தப் பிள்ளைகளின் இடர்ப்பாடே.

பேச்சுக்கும் ஏட்டுக்கும் உள்ள தூரத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். 'வந்தார்கள்' என்று அச்சிட்டிருப்பதைப் பிள்ளை 'வந்தாக' என்று வாசித்தால் அது பொருளைப் புரிந்துகொண்டது, நம் ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொன்னது. அதைப் பிழையாக எண்ணிக் கண்டிக்காமல், "புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறது, பார்" என்று எழுத்துக்குத் திருப்பினால் போதும்.

பாடநேரத்துக்கு வெளியே, வாசித்தால் ஏதாவது கிடைக்கும் என்ற நிலை வீட்டில் இருக்க வேண்டும். ஒரே மாதிரியான பலகாரச் சம்படங்களில் சீடை, தேன்குழல், அதிரசம் என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள். "அப்பத்தா, தேன்குழல் எதுல இருக்கு?" "நீயே வாசிச்சு எடுத்துக்க, ராசா." விரலை வைத்துத் தேன்-கு-ழல் என்று கூட்டி எடுக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் மறப்பதில்லை. வாரம் ஒருமுறை சம்படங்களை இடம் மாற்றி வைப்பது அவசியம்; இல்லாவிட்டால் பிள்ளை சம்படத்தின் இடத்தைத்தான் வாசிக்கும். பேருந்து நிலையத்தில் தேவகோட்டை வண்டி எது, திருப்பத்தூர் வண்டி எது என்று பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்லச் செய்வதும், நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்துக் கிழமையை வாசிக்கச் சொல்வதும் இதே வகை.

இவற்றோடு, இரவில் பெரியவர் ஒருவர் கதை வாசித்துக் காட்டுவதை விடாமல் செய்யுங்கள். அப்போது கேள்வி கேட்காதீர்கள், "இது என்ன எழுத்து?" என்று இடையில் நிறுத்தாதீர்கள். தானாக வாசிக்க இயலாத பிள்ளைக்கும் அதன் வயதுக்குரிய சொல்வளமும் கதையறிவும் வர வேண்டும். அதற்கு இப்போதைக்குக் காது ஒன்றே வழி.

ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால், இரண்டு எழுத்து முறையிலும் ஒரே வேளையில் திணறுவதைக் காணலாம். தமிழை முதலில் உறுதிப்படுத்துவதே என் பரிந்துரை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. எழுத்தைக் கூட்டினால் சொல் வரும் என்ற நம்பிக்கையைப் பிள்ளை இங்கே விரைவில் பெறும். அந்தக் கூட்டும் பழக்கம் ஆங்கிலத்துக்கும் கைகொடுக்கும்.

பள்ளியும் மருத்துவரும்

ஆசிரியரிடம் "ஏன் வாசிக்கவில்லை?" என்று கேட்பதைவிட, "எந்த நிலையில் இருக்கிறான்?" என்று கேட்பது பயன் தரும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வகுப்பைக் கொண்டு மட்டும் பார்க்காமல், அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைக் கொண்டும் பிரித்துக் கற்பிக்கிறது. மூன்றாம் வகுப்பில் அரும்பு நிலையில் இருப்பது மானக்கேடு அன்று. எங்கே தொடங்குவது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. உங்கள் நோட்டைக் காட்டி, வகுப்பில் நடப்பதையும் வீட்டில் நடப்பதையும் ஒரே வரிசையில் அமைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட வேண்டும். தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருவது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, அடிக்கடி காதுவலி வருவது ஆகியவற்றைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். கேட்கும் திறனில் சிறு குறைவு இருந்தாலும் ஒலிகளைப் பிரித்தறிவது கடினமாகும்.

இடவலம் மாற்றி எழுதுவதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. தொடக்க நிலையில் பல பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள். ஆனால் கண்ணும் காதும் சரியாக இருந்து, ஆறு மாத காலம் நாள்தோறும் முறையாகப் பயிற்சி தந்தும், ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டெழுத்தைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தால், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ் போன்ற ஒழுங்கான எழுத்து முறையில் அது பிழையாக வெளிப்படுவதைவிட மிகுந்த மந்தமாக வெளிப்படுவதும் உண்டு. சொல் சரியாகத்தான் வரும், ஆனால் வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். அறிவுக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குடும்பவழியில் தொடரக்கூடியது என்பதால், அப்பாவோ மாமாவோ சிறுவயதில் இப்படி இருந்தார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று இதற்கு விற்கப்படுபவற்றை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்; குறை கண்ணில் இல்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் தலைமையாசிரியர் வழியாக ஒன்றியத்தின் வட்டார வள மையத்தை அணுகி, அங்குள்ள சிறப்புப் பயிற்றுநரைச் சந்திக்கலாம். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடப்பதால், பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்குள்ள அலுவலகமே உங்களுக்கு உரியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இத்தகைய கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்று பெற்றால் பின்னாளில் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழி உண்டு. பெயர் சூட்டப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் சான்று வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் ஓடித் திரிவதைவிட இப்போதே பார்த்துவிடுவது எளிது. பரிசோதனைக்கு நாள் கிடைக்கும் வரை வீட்டுப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. போகும்போது தேதி போட்ட அந்த நோட்டையும், பிள்ளை எழுதிய பழைய ஏடுகள் சிலவற்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். முதலில் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு விடை அவற்றிலேயே இருக்கும்.